வயிற்றோட்டத்துக்கு சிங்க் குளிசை: தாய்மாருக்குக் காட்டிக்கொடுப்பது எப்படி?

மாரியில் மட்டக்களப்பின் படுவான்கரைப் பக்கம் வெள்ளம் கிணறுகளுக்குள் இறங்கினால், பிள்ளைகளின் வயிற்றோட்டமும் பின்னாலேயே வந்துவிடும். கிளினிக்கில் ஜீவனியோடு (தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்புத்தூள்) சிங்க் (துத்தநாகம்) குளிசையும் எழுதிக் கொடுத்த வீடுகளுக்குப் போகும் புதிய சுகாதாரத் தொண்டர்களுக்காக இதை எழுதுகிறேன்.

மருந்தை எடுக்க முன் பிள்ளையைப் பாருங்கள். கண் குழிவிழுந்து சோர்ந்து கிடக்கிறதா? குடிக்க மாட்டாமல் இருக்கிறதா, குடித்ததெல்லாம் வாந்தியாகிறதா? மலத்தில் இரத்தம் உண்டா? ஒன்று இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிதான்.

அப்படி இல்லையென்றால் முதலில் ஜீவனி. கொதித்தாறிய தண்ணீர் ஒரு லீற்றர் அளந்து, பக்கெற் முழுவதையும் கரையுங்கள். கண்மதிப்பாக ஒரு கிளாசில் கரைத்தால் உப்புக் கூடிவிடும், அது ஆபத்து. இரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு ஒவ்வொரு முறை வயிற்றால் போனதும் 50 முதல் 100 மில்லிலீற்றர், கரண்டி கரண்டியாக. 24 மணித்தியாலத்துக்குப் பின் மிஞ்சியதை ஊற்றிவிடுங்கள். தாய்ப்பாலும் வழமையான சாப்பாடும் நிற்கக்கூடாது.

சரி, இனி சிங்க். உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப்பும் 2004இல் சொன்ன அளவு: ஆறு மாதத்துக்கு மேல் நாளுக்கு 20 மில்லிகிராம், அதற்குக் குறைந்த குழந்தைக்கு 10 மில்லிகிராம். ஆனால் கிளினிக் துண்டில் வேறு அளவு இருந்தால் அதையே பின்பற்றுங்கள். தேக்கரண்டியில் தாய்ப்பாலோ கொதித்தாறிய தண்ணீரோ எடுத்துக் குளிசையை இடுங்கள். கரையும் குளிசை என்பதால் நசுக்கத் தேவையில்லை. அரை மணித்தியாலத்துக்குள் வாந்தி எடுத்தால் இன்னொரு முறை கொடுக்கலாம். முதல் குளிசையைத் தாயே உங்கள் முன்னால் கரைக்கட்டும்.

எல்லாவற்றிலும் கடினமானது இதுதான்: மூன்றாம் நாள் வயிற்றோட்டம் நின்றதும் மிச்சக் குளிசை அலுமாரிக்குப் போய்விடுகிறது. தாயைக் குறை சொல்ல முடியாது, நோய் தீர்ந்த பிள்ளைக்கு யார்தான் மருந்து கொடுப்பார்? அவருக்குக் காரணத்தைச் சொல்லுங்கள். வயிற்றால் போகும்போது உடம்பிலிருக்கும் சிங்க்கும் கழிந்துபோகிறது. குடலின் உட்சுவர் ஆறவும் எதிர்ப்புச் சக்தி தேறவும் அது வேண்டும். 10 முதல் 14 நாள் முழுவதும் கொடுத்தால், அடுத்த இரண்டு மூன்று மாதங்களுக்குத் திரும்ப வயிற்றோட்டம் வருவதும் குறையும். பிள்ளைமேல் உயிரை வைத்திருக்கும் தாய்க்கு இந்தக் கடைசிக் காரணமே போதும்.

கலண்டரில் நாளுக்கொரு கோடு போடச் சொல்லுங்கள். அடுத்த முறை போகும்போது கோடுகளையும் மீதிக் குளிசைகளையும் சேர்த்து எண்ணுங்கள். 14 நாளாகியும் வயிற்றோட்டம் நிற்கவில்லையென்றால் குடும்பநல உத்தியோகத்தரிடம் அறிவித்துவிட்டு, பிள்ளையை டொக்டரிடம் அனுப்புங்கள்.