மெயில் வந்ததைச் சொல்லும் நிரல் மெயிலைப் படித்துவிடக் கூடாது

புது மெயில் வந்தால் திரையோரத்தில் தகவல் சொல்லும் அறிவிப்பு நிரல்களைப் பற்றிய புகார்கள் பெரும்பாலும் இரண்டு வகைதான். ஏற்கெனவே படித்த மெயிலுக்கு மறுபடி மணி அடிக்கிறது என்பது ஒன்று. திறந்தே பார்க்காத மெயில் ‘படித்தது’ என்று கிடக்கிறது என்பது இன்னொன்று. நிரலைக் குறை சொல்வதற்கு முன், ‘படித்தது’ என்ற குறியை யார் வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள்.

கணக்கை பாப்3 முறையில் (சர்வரிலிருந்து மெயிலைக் கருவிக்கு இறக்கிக்கொள்ளும் பழைய முறை) இணைத்திருந்தால், அந்தக் குறி சர்வரிலிருந்து கிடைக்கவே கிடைக்காது. பாப்3 நெறிமுறையில் படித்தது, படிக்காதது என்ற பேச்சே கிடையாது. எந்த மெயிலைப் பார்த்தோம் என்று ஒவ்வொரு நிரலும் தனித்தனியாகக் குறித்து வைத்துக்கொள்ளும். அதனால் போனில் நீங்கள் படித்தது கணினியில் இருக்கும் அறிவிப்பு நிரலுக்குத் தெரிய வழியே இல்லை. எத்தனை அமைப்புகளைத் திருகினாலும் இது சரியாகாது. மெயிலைச் சர்வரிலேயே வைத்துப் பார்க்கும் ஐமேப் முறைக்கு மாறுவதுதான் வழி. அதில் குறி சர்வரிலேயே மெயிலோடு ஒட்டியிருக்கும், எல்லாக் கருவிகளும் அதையே பார்க்கும்.

ஐமேப்பில் வேறொரு பொறி உண்டு. மெயிலின் உள்ளடக்கத்தைச் சாதாரணமாகக் கேட்டு வாங்கினாலே சர்வர் அதைப் படித்ததாகக் குறித்துவிடும். குறியைத் தொடாமல் எட்டிப் பார்க்க ‘பாடி.பீக்’ என்று தனியாக ஒரு முறை இருக்கிறது. நல்ல அறிவிப்பு நிரல்கள் அதைத்தான் பயன்படுத்தும். சொந்தமாகச் சின்ன ஸ்கிரிப்ட் எழுதுகிறவர்கள்தான் இங்கே அதிகம் வழுக்கி விழுகிறார்கள். பைத்தான் மொழியில் ஐமேப்புக்கென உள்ள ஐமேப்லிப் நூலகத்தில் முழு மெயிலையும் ‘ஆர்எஃப்சி822’ என்று கேட்டால், தலைப்பை மட்டும் காட்ட நினைத்த ஸ்கிரிப்ட் இன்பாக்ஸ் முழுவதையும் படித்ததாக மாற்றிவிடும். ஃபோல்டரைத் திறக்கும்போதே ‘ரீட்ஒன்லி’ (வாசிக்க மட்டும்) என்று கொடுத்துவிட்டால் கவலையில்லை.

இது நேற்று முளைத்த சிக்கல் இல்லை. யூனிக்ஸ் இயங்குதளத்தின் பழைய மெயில் கண்காணிப்பு நிரல்கள் சில, மெயில் கோப்பு கடைசியாக எழுதப்பட்ட நேரம் கடைசியாக வாசிக்கப்பட்ட நேரத்துக்குப் பிந்தியதா என்று பார்த்தே புது மெயில் உண்டா என முடிவு செய்தன. இடையில் ஒரு பேக்கப் நிரல் கோப்பை வாசித்துவிட்டால் போதும், புது மெயில் காணாமல் போகும்!

நிரல் நேர்மையாக இருந்தாலும் மெயில் மென்பொருளே காலை வாரலாம். அவுட்லுக்கில் மெயிலைப் பட்டியலுக்குப் பக்கத்திலேயே காட்டும் ரீடிங் பேன் திறந்திருக்கும்போது, ஒரு மெயிலிலிருந்து அடுத்ததற்கு நகர்ந்தாலே முந்தையது படித்ததாகிவிடும். தண்டர்பேர்டில் எத்தனை நொடி திறந்திருந்தால் படித்ததாகக் கொள்ளலாம் என்று அமைக்க முடியும். அதை ஐந்து நொடிக்குமேல் வைப்பது என் பரிந்துரை. கண்ணோட்டம் விடுவதற்கும் படிப்பதற்கும் அந்த இடைவெளி வேண்டும்.

அப்புறம், எல்லா ஃபோல்டரையும் கண்காணிக்கச் சொல்லும் ஆசை. ஜிமெயிலில் இன்பாக்ஸ், ‘ஆல் மெயில்’ இரண்டையும் தேர்ந்தெடுத்தால் ஒரே மெயில் இரண்டாக எண்ணப்படலாம். உடனுக்குடன் தகவல் தரும் ‘ஐடில்’ முறையில் பொதுவாக ஒவ்வொரு ஃபோல்டருக்கும் தனி இணைப்பு தேவைப்படும். ஜிமெயில் ஒரு கணக்குக்கு ஒரே நேரத்தில் 15 ஐமேப் இணைப்புகள்தான் தரும். போன், லேப்டாப், அறிவிப்பு நிரல் எல்லாம் ஆளுக்குச் சிலவற்றைப் பிடித்துக்கொண்டால், ஏதாவது ஒன்று சத்தமில்லாமல் அறுந்துபோகும். இன்பாக்ஸும், ஃபில்டர் கொண்டுபோய்ப் போடும் முக்கியமான ஓரிரு ஃபோல்டர்களும் போதும்.

ஒன்றுமே இல்லாதபோதும் ‘1’ என்று எண்ணிக்கை காட்டிக்கொண்டே இருக்கிறதா? பதற்றத்தில் ‘எல்லாம் படித்ததாகக் குறி’ பொத்தானை அழுத்தாதீர்கள். அது சர்வர் வரை போகும், எது நிஜமாகவே படிக்காதது என்று பிறகு பிரித்தெடுக்க முடியாது. முதலில் படிக்காதவற்றை மட்டும் வடிகட்டித் தேடுங்கள். மடிந்து கிடக்கும் உரையாடலுக்குள்ளோ, ஃபில்டர் நகர்த்திய ஃபோல்டரிலோ பெரும்பாலும் அது ஒளிந்திருக்கும். அங்கேயும் இல்லையென்றால் கணினியில் உள்ள பட்டியல் பழசாகியிருக்கலாம். தண்டர்பேர்டில் ஃபோல்டர் பண்புகளுக்குள் இருக்கும் ரிப்பேர் பொத்தான் அதைச் சர்வரிலிருந்து புதிதாக வாங்கிக் கட்டித் தரும்.