கேபிளின் மேல்தோலை உரிக்கும்போது கத்தி எங்கே நிற்க வேண்டும்

வேலை கற்றுக்கொண்ட புதிதில், அடிக்கடி டிரிப் ஆகிற ஒரு சர்க்யூட்டின் கோளாறைத் தேடி இரண்டு நாள் அலைந்தேன். விளக்கைக் கழற்றிப் பார்த்தேன், ஸ்விட்சை மாற்றினேன், ஒன்றும் தீரவில்லை. கடைசியில் இரும்பு பாக்ஸிலிருந்து வயர்களை வெளியே இழுத்து, ஃபேஸ் வயரை விரலில் சுற்றி வளைத்தேன். இன்சுலேஷனில் நகக்கீறல் அளவுக்கு ஒரு வாய் திறந்தது. உள்ளே செம்பு மின்னியது. சரியாக அந்த இடம்தான் பாக்ஸின் விளிம்பில் உரசிக்கொண்டிருந்தது. அந்தக் கேபிளை உரித்தது நானேதான்.

அன்றிலிருந்து எனக்கு ஒரே கணக்கு. மேல் உறையைக் கத்தி பாதி ஆழம்தான் வெட்ட வேண்டும். மீதியை வளைத்தோ கிழித்தோ பிரிக்க வேண்டும்.

கத்தியை எடுக்கும் முன் மெயினை அணையுங்கள். டெஸ்டர் ஒளிரவில்லை என்பதை மட்டும் நம்பாதீர்கள், டெஸ்டரே செத்துப்போயிருக்கலாம். மின்சாரம் இருக்கும் ஓர் இடத்தில் அதை வைத்துப் பார்த்து, அப்புறம் வேலை செய்யும் இடத்தில் பார்த்து, மறுபடியும் முதல் இடத்தில் பாருங்கள். இரண்டு முனை உள்ள வோல்டேஜ் டெஸ்டர் இருந்தால் நல்லது. உங்கள் ஊர் விதிப்படி இதை உரிமம் பெற்றவர்தான் செய்ய வேண்டும் என்றால் அவரையே கூப்பிடுங்கள்.

அடுத்தது அளவு. மேல் உறை பாக்ஸின் துளையைத் தாண்டிக் குறைந்தது 6 மி.மீ. உள்ளே வர வேண்டும். உறை துளைக்கு வெளியிலேயே நின்றுவிட்டால், தகரத்தின் விளிம்பு நேராக உள் வயரில் உட்காரும். உறை முடியும் இடத்திலிருந்து வயர்களை 15 செ.மீ. நீளம் விடுவேன். கஞ்சத்தனம் செய்தால் நாளைக்கு ஸ்விட்சை மாற்றுபவர் திட்டுவார். உரிக்க வேண்டிய இடத்தைப் பேனாவால் குறித்துக்கொண்டு, கேபிளைப் பாக்ஸில் நுழைக்கும் முன்னாலேயே உரியுங்கள். உள்ளே தள்ளிய பிறகு கத்தியைத் திருப்ப இடம் இருக்காது.

தட்டைக் கேபிளில் பெரும்பாலும் நடுவில் எர்த் கம்பி இன்சுலேஷன் இல்லாமல் வெறும் செம்பாக ஓடும். ஃபேஸும் நியூட்ரலும் இரு பக்கம். அந்த நடுக்கோடுதான் நமக்குப் பாதுகாப்பான வழி. முனையில் மட்டும் கட்டரால் 2 அல்லது 3 செ.மீ. நடுவாகப் பிளந்து, எர்த் கம்பியைப் பிளேயரால் பிடியுங்கள். மற்ற இரண்டையும் உறையோடு சேர்த்து இன்னொரு கையில் பிடித்துக்கொண்டு, கம்பியைப் பின்பக்கமாக மடக்கி இழுங்கள். சாக்குப் பையின் தையல் நூலை இழுத்தால் வாய் பிரியுமே, அப்படி உறை குறி வரைக்கும் கிழிந்து வரும். கத்திக்கே வேலை இல்லை. அப்புறம் கிழிந்த தோலைப் பின்னால் மடித்து, வயர்களிலிருந்து விலக்கிப் பிடித்து, கட்டரால் நறுக்கிவிடுங்கள். எர்த்துக்கும் இன்சுலேஷன் இருக்கிற கேபிள் என்றால் இந்த வித்தை வேண்டாம்.

உருண்டைக் கேபிளுக்கு வழி வேறு. பிளேடை அசைக்காமல் வைத்து, கேபிளைச் சுழற்றுங்கள். மெல்லிய கோடு விழுந்தால் போதும். அந்தக் கோட்டில் கேபிளை மடக்கினால் உறை பட்டென்று வாய் பிளக்கும்; கொஞ்சம் திருப்பி மறுபடி மடக்குங்கள். சுற்றிலும் பிளந்ததும் உருவிவிடலாம். உள்ளே நிரப்பு நூலோ காகிதமோ இருந்தால் உறையின் விளிம்பு வரை கத்தரித்து எடுங்கள். குளிரில் பிவிசி விறைத்துக் கோணலாகப் பிளக்கும். உள்ளங்கையில் சற்று நேரம் பிடித்துச் சூடேற்றிக்கொள்வேன். தொட்டாலே பொடியாகிற பழைய ரப்பர் உறை என்றால் உரிப்பதை நிறுத்துங்கள், அந்தக் கேபிளையே மாற்ற வேண்டியதுதான்.

இப்போது நான் விடாமல் செய்கிற சோதனை. ஒவ்வொரு வயரையும் உறை முடிந்த இடத்தில் வளைத்து, திருப்பி இன்னொரு பக்கம் வளைத்துப் பாருங்கள். நேராக இருக்கும்போது தெரியாத கீறல் வளைத்தால் திறந்துகொள்ளும். கீறல் தெரிந்தால் டேப் சுற்றி மறைக்காதீர்கள். அதுவரைக்கும் வெட்டிப்போட்டுவிட்டு மறுபடி உரியுங்கள். இதற்காகவே கேபிளைத் தேவைக்கு மேல் ஒரு சாண் கூடுதலாக விட்டுவைப்பேன்.

உள் இன்சுலேஷனுக்குக் கத்தியே வேண்டாம். வயர் ஸ்ட்ரிப்பரில் 1.5, 2.5 என்று (சதுர மி.மீ. கணக்கில்) வயரின் அளவுக்கேற்ற பள்ளம் இருக்கும், அதில் வைத்து உரியுங்கள். சின்னப் பள்ளத்தில் வைத்தால் செம்பில் வெட்டு விழும். அந்த இடத்தில் நாலு தடவை வளைந்தாலே கம்பி ஒடிந்துவிடும். எவ்வளவு நீளம் உரிப்பது என்று பல ஸ்விட்சுகளின் பின்புறத்திலேயே கோடு போட்டிருப்பார்கள். ஸ்க்ரூவை முடுக்கிய பிறகு செம்பு வெளியே தெரியக் கூடாது, இன்சுலேஷன் ஸ்க்ரூவுக்கு அடியில் நசுங்கவும் கூடாது. வயரை ஒரு முறை இழுத்துப் பார்த்து, பாக்ஸில் விழுந்த தோல் துண்டுகளைப் பொறுக்கிவிட்டு மூடுங்கள்.