ஒற்றைக்குறிக்கு முன் ஓர் இடைவெளி: பழைய இசட் கோப்பை ஐஎஸ்ஓ தரத்திற்கு மாற்றுதல்

பாம்பனில் விசைப்படகு கடலுக்குச் செல்லும் முன் மீன்வளத் துறையிடம் டோக்கன் பெற வேண்டும். பதிவில்லாத படகுக்கு டோக்கன் வழங்கலாகாது என்ற விதியை, ஒரு சிறு மென்பொருளுக்காக, மென்பொருள் விதிகளைக் கணக்குறிகளால் எழுதும் இசட் (Z) குறிமொழியில் எழுதி வைத்திருந்தேன். இசட் கோப்புகளில் பிழை தேடும் ஃபஸ் (fuzz) சரிபார்ப்பியில் பிழையின்றித் தேறிய அக்கோப்பு, 2002இல் வெளியான ஐஎஸ்ஓ/ஐஇசி 13568 என்ற இசட் தரத்தைப் பின்பற்றும் சிஇசட்டி (CZT) என்ற மற்றொரு சரிபார்ப்புக் கருவியில் தேறவில்லை. அதுவரை மைக் ஸ்பைவியின் 1989ஆம் ஆண்டுக் கையேடே நடைமுறையில் தரமாக இருந்தது. ஐஎஸ்ஓ அதைப் பெரும்பாலும் தழுவினாலும் இலக்கணத்தைச் சில இடங்களில் மாற்றியது. கணக்குறிகளை அறிந்தவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். பெயர்களை விளக்கத்திற்காகத் தமிழில் தருகிறேன்.

முதற்படி: ஸ்கீமாக்களை (மாறிகளையும் அவற்றுக்கான நிபந்தனைகளையும் ஒரே பெயரில் கட்டும் தொகுப்புகளை) ஒரே வரியில் வரையறுக்கும் ≙ குறியை எல்லா இடங்களிலும் == என மாற்றுங்கள். ஐஎஸ்ஓ இசட்டில் ஸ்கீமாவும் ஒரு கோவையே என்பதால் தனிக்குறி தேவையில்லை.

இரண்டாம் படியில்தான் ஒரு மாலை முழுவதும் எனக்குக் கழிந்தது. என் கோப்பில் இருந்த வரி இது:

தொடக்கம் == [துறை' | டோக்கன்பெற்றவை' = ∅]

துறை என்ற ஸ்கீமா மேலேயே இருந்தும், துறை' என எதுவும் அறிவிக்கப்படவில்லை என்றது கருவி. ஒற்றைக்குறி (') செயலுக்குப் பிந்தைய நிலையைக் காட்டுவது. ஆனால் புதிய தரத்தில் ஒட்டி வரும் ஒற்றைக்குறி பெயரின் பகுதியாகிவிடுகிறது. ஸ்கீமா முழுவதையும் குறியிட வேண்டுமானால் இடையில் இடைவெளி வேண்டும். இடைவெளி விட்டேன், அப்போதும் அதே பிழை. இசட் கோப்பைத் தட்டச்சிடப் பயன்படும் லேடெக் (LaTeX) எழுத்தில் சாதாரண இடைவெளி கணக்கில் கொள்ளப்படுவதில்லை, ஆகவே ~ இட்டு துறை~' என்றே எழுத வேண்டும். மாறாக, டோக்கன்பெற்றவை' என்ற மாறியில் குறி ஒட்டியே இருக்க வேண்டும். கோப்பு முழுவதிலும் கண்மூடித்தனமாக மாற்றினால் இதுவும் பிரிந்து, வேறு பிழைகள் முளைக்கும்.

பழைய கோப்பை வாசிக்க மட்டும் ஃபஸ் போதும். புதிதாக எழுதுபவர்கள் சிஇசட்டியிலேயே தொடங்குவது நல்லது என்பேன்.

பிற்சேர்க்கை: தொண்டியிலிருந்து ஒரு வாசகர், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தை இன்று? ∉ தடைநாட்கள் எனச் சேர்த்து (இங்கே ? உள்ளீட்டைக் குறிக்கும்), கோப்புக்குப் பகுதித் (section) தலைப்பும் இட்டாராம். ∈ ஏற்கப்பட, ∉ மட்டும் ஏன் மறுக்கப்படுகிறது என்று கேட்டார். தலைப்பில்லாக் கோப்புக்கு, பொதுவான குறிகளின் வரையறைகள் அடங்கிய அடிப்படைக் கருவித்தொகுதி (standard toolkit) தானாகவே சேர்க்கப்படுகிறது. தலைப்பு இட்டால் அதை மூலப்பகுதியாக (parent) நாமே குறிப்பிட வேண்டும். ∈ மொழியின் உள்ளேயே இருக்கிறது. ∉, ⊆ ஆகியவை அத்தொகுதியிலிருந்து வருகின்றன.