ஊரில் அப்பாவுக்கு பிஎம் கிசான் பணம் நின்றுவிட்டதா? சிங்கப்பூரிலிருந்தே சரிசெய்யலாம்

விவசாயிகளுக்கு மத்திய அரசு உதவித்தொகை தரும் பிஎம் கிசான் திட்டத்தில் ஆண்டுக்கு 6,000 ரூபாய், நான்கு மாதத்துக்கு ஒருமுறை 2,000 வீதம், விவசாயியின் வங்கிக் கணக்கில் நேராக விழும். அது திடீரென நின்றால் முதலில் எங்கே சிக்கியிருக்கிறது என்று பாருங்கள். திட்டத்தின் இணையதளத்தில் ‘நோ யுவர் ஸ்டேட்டஸ்’ பகுதியில் அப்பாவின் பதிவு எண்ணைப் போட்டால் மூன்று வரிகள் தெரியும்: நிலப்பதிவு, இ-கேஒய்சி (ஆதார் வழியாக ஆளைச் சரிபார்ப்பது), ஆதார்–வங்கி இணைப்பு. எதில் ‘நோ’ என்று வருகிறதோ அதை மட்டும் சரிசெய்தால் போதும்.

நம் ஆட்களின் வீடுகளில் அதிகம் மாட்டுவது இ-கேஒய்சி. அப்பாவின் ஆதாரோடு மகனின் இந்திய எண்ணை இணைத்திருப்பார்கள். அந்த சிம் இப்போது உங்களோடு டார்மிட்டரியில் இருக்கும். அப்பா இ-சேவை மையத்தில் உட்கார்ந்திருக்கும்போது நீங்கள் சைட்டில், கைப்பேசி லாக்கரில். ஆதார் ஓடிபி 10 நிமிடம்தான் செல்லும். ஆகவே ஆஃப் டே பார்த்து நேரம் குறியுங்கள். ஊர் நேரம் நமக்கு இரண்டரை மணி பின்னால். சிம்மில் ரீசார்ஜும் ரோமிங்கும் உயிரோடு இருக்க வேண்டும்.

இதைவிட நல்ல வழி ஆதார் ஓடிபி கேட்காத முகப்பதிவு. அக்கம்பக்கத்துப் பிள்ளை யாருடைய ஆண்ட்ராய்டு கைப்பேசியிலும் பிஎம் கிசான் செயலியையும் ‘ஆதார் ஃபேஸ் ஆர்டி’ செயலியையும் இறக்கி, அப்பாவை வெளிச்சம் முகத்தில் விழும்படி உட்காரவைத்து, கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கண் சிமிட்டச் சொன்னால் முடிந்தது. மையத்தில் கைரேகை வைத்தும் செய்யலாம்தான். ஆனால் காலமெல்லாம் மண்வெட்டி பிடித்த கையில் ரேகை தேய்ந்திருக்கும்; மெஷின் திரும்பத் திரும்ப நிராகரிக்கும். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது ஆதாரில் அப்பாவின் சொந்த எண்ணைச் சேர்த்துவிடுங்கள். அஞ்சல்காரர் மூலம் வீட்டிலேயே செய்யும் வசதியும் உண்டு.

வங்கி இணைப்பில் ஒரு குழப்பம் நடக்கும். பணம் போவது கடைசியாக ஆதார் இணைத்த கணக்குக்கு. நூறு நாள் வேலைக்காகவோ நகைக்கடனுக்காகவோ வேறு வங்கியில் கணக்கு தொடங்கி அங்கே ஆதாரை இணைத்திருந்தால், பணம் அங்கே சேர்ந்துகொண்டிருக்கும். பழைய பாஸ்புக்கையே பார்த்துவிட்டு ‘வரவில்லை’ என்று அலைய வேண்டாம்.

நிலப்பதிவில் ‘நோ’ என்றால் பட்டா, சிட்டா நகல், ஆதாரோடு வட்டார வேளாண் அலுவலகத்துக்குப் போக வேண்டும். பட்டா இன்னும் தாத்தா பெயரிலேயே இருந்தால் பெயர் மாற்றாமல் எதுவும் நகராது. தமிழ்நாட்டில் 2025 முதல் விவசாயிகளுக்குத் தனித்துவ அடையாள எண் தருகிறார்கள். போன கையோடு அதையும் வாங்கிவிடச் சொல்லுங்கள். அப்பா காலமாகிவிட்டால் அவர் பெயரில் தொடர்ந்து வாங்கக் கூடாது. அம்மா வாரிசாகப் பட்டா மாற்றிப் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். 2019 பிப்ரவரி 1-க்குப் பிறகு கைமாறிய நிலத்துக்குப் பணம் கிடையாது என்றாலும், இறப்பால் வந்த வாரிசுரிமைக்கு விலக்கு உண்டு.

பட்டா உங்கள் பெயரில் இருக்கிறதா? வருமான வரிச் சட்டப்படி வெளிநாடு வாழ் இந்தியராகக் கணக்கிடப்படுபவருக்கு இந்தத் திட்டம் பொருந்தாது. கணவன், மனைவி, 18 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் சேர்ந்ததுதான் இந்தத் திட்டத்தில் ஒரு குடும்பம். அதனால் நீங்கள் சிங்கப்பூரில் இருப்பது, தன் பெயரில் நிலம் வைத்திருக்கும் அப்பாவைப் பாதிக்காது. மனைவி விண்ணப்பிப்பதானால் உங்கள் வெளிநாட்டு வேலையை அலுவலகத்தில் வெளிப்படையாகச் சொல்லிக் கேட்கட்டும். தகுதியில்லாமல் வாங்கியதைத் திருப்பிக் கேட்பார்கள். தானாக விட்டுக்கொடுக்க இணையதளத்திலேயே வழியிருக்கிறது.

வாட்ஸ்அப்பில் ‘பிஎம் கிசான்’ என்ற பெயரில் வரும் ஏபிகே கோப்பை (கைப்பேசியில் செயலியை நிறுவும் கோப்பு) ஊரிலும் இங்கும் யாரும் தொடக் கூடாது. வங்கி ஓடிபியைத் திருடத்தான் அது வருகிறது. செயலியை பிளே ஸ்டோரிலிருந்து மட்டும் இறக்குங்கள். சந்தேகம் இருந்தால் ஊரிலிருந்து திட்டத்தின் உதவி எண் 155261-ஐ அழைக்கச் சொல்லுங்கள்.