தோட்டக் கம்பனியின் உள்ளகக் கட்டுரைகளுக்கு அனுமதி வரையறுக்கும் முறை

இலங்கையின் ஹட்டன், தலவாக்கலைப் பகுதித் தேயிலைத் தோட்ட அலுவலகங்களில் ஒரு காலத்தில் பெரிய கிளாக்கரின் இரும்பு அலுமாரிக்குள் இருந்த விடயங்கள் பல, இன்று கன்ஃபுளுவன்ஸ் (Confluence) போன்ற, நிறுவன ஊழியர்கள் கட்டுரைகளை எழுதிப் பகிரும் இணையத் தளங்களில் கட்டுரைகளாக இருக்கின்றன. கொழுந்து வாட்டுதல் பற்றிய வழிகாட்டலையும், கிருமிநாசினி உடலில் பட்டால் செய்ய வேண்டியவற்றையும் ஒருபோதும் பூட்டக் கூடாது. செக்ரோல் (தொழிலாளரின் வேலைநாள், சம்பளப் பதிவேடு) திருத்தம், ஒழுக்காற்று விசாரணை, தொழிலாளரின் மருத்துவ விபரம் ஆகியவற்றைக் கட்டாயம் பூட்ட வேண்டும். மருத்துவ விபரத்தை 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் விசேட வகைத் தரவாகவே கொள்கிறது.

அனுமதியை ஆளுக்கு வழங்காமல், பதவிக்குரிய குழுவுக்கு வழங்குங்கள். டீமேக்கரும் (தேயிலைத் தொழிற்சாலைப் பொறுப்பாளர்) உதவி முகாமையாளரும் தோட்டம் விட்டுத் தோட்டம் மாறுபவர்கள் என்பதால், பெயர் பெயராகச் சேர்த்த பட்டியலை யாரும் திருத்தாமல் விட்டால், மாறிப்போனவர் பழைய தோட்டத்தின் சம்பள விபரத்தைப் புதிய இடத்திலிருந்தும் பார்த்துக்கொண்டிருப்பார்.

கன்ஃபுளுவன்ஸில் ஒரு பக்கத்துக்கு இடும் பார்வைக் கட்டுப்பாடு அதன் கீழுள்ள பக்கங்களுக்கும் செல்லும்; திருத்தக் கட்டுப்பாடு அவ்வாறு செல்லாது. ஆகவே ‘சம்பளம்’ என்ற மேற்பக்கத்தைப் பூட்டிவிட்டு, மற்றவற்றை அதன் கீழ் எழுதுவது நல்லது. கீழ்ப்பக்கம் ஒன்றைப் பூட்டாத பகுதிக்கு நகர்த்தினால், மேலிருந்து வந்த பாதுகாப்பு அதற்கு இல்லாமற் போகும்.

கசிவு பெரும்பாலும் பக்கவழியாகவே நேர்கிறது. கட்டுரையைப் பூட்டிவிட்டு, அதில் இணைத்த கூகுள் டிரைவ் கோப்பை ‘இணைப்பு உள்ள எவரும்’ என்ற நிலையில் விட்டால் பூட்டியும் பயனில்லை. பொதுவான பொருளடக்கப் பக்கத்தில் ‘3ஆம் டிவிஷன் கங்காணி மீதான விசாரணை’ என்று யாராவது தட்டச்சு செய்து வைத்திருந்தால், உள்ளே போகாமலே பாதி விடயம் தெரிந்துவிடும். தலைப்புக்குப் பதிலாகக் கோவை இலக்கத்தை மட்டும் குறிப்பிடுங்கள்.

எல்லாம் செய்த பின், உங்கள் நிர்வாகிக் கணக்கால் சோதிப்பதில் அர்த்தமில்லை; தொழிற்சாலை உத்தியோகத்தருக்குரிய சாதாரண அனுமதி மட்டும் உள்ள சோதனைக் கணக்கொன்றில் நுழைந்து, ‘விசாரணை’, ‘சம்பளம்’ என்ற சொற்களைத் தேடிப் பாருங்கள்.

என் கணிப்பில் இவை அனைத்தையும் விட ஆபத்தானது, பலர் பாவிக்கும் தொழிற்சாலை அலுவலகக் கணினியில் முகாமையாளரின் கணக்கு திறந்தபடி கிடப்பதுதான். ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு உருவாக்கி, 5 நிமிடம் பாவனையின்றி இருந்தால் திரை தானாகப் பூட்டிக்கொள்ளுமாறு அமையுங்கள்.