ஆரல்வாய்மொழிக் காற்றுக்குத் தாங்கும் சோலார் டிராக்கர்

வெயிலோடு திரும்பும் பேனல் ஸ்டாண்டு வேண்டும் என்று என் வெல்டிங் பட்டறைக்கு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, எதற்கு என்றுதான். மாடியில் இடம் இருந்தால் இன்னொரு பேனல் வாங்கி அசையாமல் மாட்டிவிடுங்கள். செலவு குறைவு, பராமரிப்பும் இல்லை. தோட்டத்து மோட்டாரை பேட்டரி இல்லாமல் நேராகப் பேனலில் ஓட்டுகிறவர்களுக்கு டிராக்கர் உபயோகம்தான். காலைச் சாய்வெயிலிலேயே தண்ணீர் வர ஆரம்பிக்கும்.

நம் குமரி மாவட்டத்துக்கு, கிழக்கு மேற்காகத் திருப்பும் ஒரு அச்சு போதும். நாகர்கோவில் பூமத்திய ரேகைக்கு 8 டிகிரி வடக்கே இருக்கிறது. பேனல் திரும்பும் அச்சுக் குழாயைத் தென்வடலாகப் போட்டு, வடக்கு முனையை 8 டிகிரி தூக்கி வையுங்கள். ஜூனிலும் டிசம்பரிலும் வெயில் 23 டிகிரி விலகினாலும், இழப்பு நூற்றுக்கு எட்டைத் தாண்டாது. அதற்காக இரண்டாவது மோட்டார் வைப்பது வீண்.

தென்வடல் பார்க்க போன் காம்பஸை நம்பாதீர்கள், பக்கத்தில் இரும்பு இருந்தால் இழுத்துவிடும். தூக்குக்குண்டு கட்டி, உச்சிப்பொழுதில் நூலின் நிழலைக் கோடு போட்டுக்கொள்ளுங்கள். நமக்கு உச்சிப்பொழுது 12 மணி அல்ல, சராசரியாக 12.20. நவம்பர் தொடக்கத்தில் 12.04, பிப்ரவரி நடுவில் 12.35 வரை போகும். ஏப்ரல் இரண்டாம் வாரமும் செப்டம்பர் தொடக்கமும் இந்த வேலைக்கு ஆகாது. சூரியன் தலைக்கு நேரே நிற்பதால் நிழலே விழாது.

சரி, திருப்புவது எப்படி? நடுவில் தகடு வைத்து இரண்டு பக்கமும் வெளிச்சத்தை உணரும் எல்டிஆர் ஒட்டி, வெளிச்சம் அதிகமுள்ள பக்கம் திருப்பும் சர்க்யூட்டைத்தான் எல்லோரும் முதலில் செய்வார்கள். மேகம் வந்தால் அது அங்கும் இங்கும் அலைந்து மோட்டாரைச் சூடாக்கும். மலையில் மேகம் கட்டும் நம் ஊரில் கடிகாரம்தான் நல்லது. ஆர்டுயினோ என்ற சின்னக் கட்டுப்பாட்டு போர்டோடு நேரம் காட்டும் ஆர்டிசி மாட்யூலைச் சேர்த்து, 20 நிமிடத்துக்கு ஒருமுறை 5 டிகிரி நகர்த்துங்கள். 5 டிகிரி பிசகினால் குறைவது நூற்றில் அரைப்பங்குகூட இல்லை. பேனலைத் தள்ளி இழுக்கும் மோட்டார் தண்டான ஆக்சுவேட்டரின் இரண்டு கோடியிலும், எல்லை வந்ததும் மோட்டாரை நிறுத்தும் லிமிட் சுவிட்ச் கட்டாயம்.

இரண்டு பக்கமும் 45 டிகிரிக்கு மேல் சாய்க்க வேண்டாம். காலை 9.20 வரை கிழக்குப் பார்த்து நிற்கட்டும், அப்புறம் நகர ஆரம்பித்து பிற்பகல் 3.20க்கு மேற்குக் கோடியைத் தொடட்டும்.

இங்கேதான் நம் ஊர்ச் சிக்கல். ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று மேற்கிலிருந்து வரும், பிற்பகலில் பேனலும் மேற்கேதான் பார்த்து நிற்கும். முப்பந்தலில் காற்றாலைகளை வரிசையாக நட்டது சும்மாவா! ஆகவே காற்று ஏறியதும் பேனலைப் படுக்க வைக்க ஒரு சுவிட்ச் தனியாக வையுங்கள், அதற்குச் சின்னதாக ஒரு பேட்டரியும். ஸ்டாண்டின் காலுக்கு அடித்தளம் வலுவாகக் கான்கிரீட் போட வேண்டும், செங்கல்லில் ஊன்றினால் ஆட்டம் காணும்.

முட்டம், குளச்சல் பக்கம் கடலுக்கு அருகில் வைப்பவர்கள் ஸ்டெயின்லெஸ் போல்ட், கால்வனைஸ்டு குழாய் மட்டும் வாங்குங்கள். பேரிங்குக்கு மழைக்கு முன்னும் பின்னும் கிரீஸ் அடியுங்கள்.