பழைய சைக்கிளின் மூன்று கியர் ஹப்பைச் சரிசெய்வது எப்படி?

பின்சக்கரத்தின் நடுவே தடித்த ஹப், அதன் வலப்பக்க ஆக்சில் துளைக்குள் நுழையும் மெல்லிய குட்டிச் சங்கிலி. இரண்டும் இருந்தால் அது ஹப் கியர். பழைய சைக்கிள்களில் அதிகம் கண்ணில் படுவது 1936-இல் வந்த ஸ்டர்மி-ஆர்ச்சர் ஏ.டபிள்யூ. மாடல். கியர் நழுவினால் உடனே ஹப்பைப் பிரித்துவிடாதீர்கள். பெரும்பாலும் கோளாறு கேபிள் இழுவையில்தான் இருக்கும். அதை விரலாலேயே சரிசெய்யலாம்.

முதலில் செயினைப் பாருங்கள். நடுப்பகுதி மேலும் கீழுமாக 1 முதல் 1.5 செ.மீ. வரை ஆட வேண்டும். இதற்காகச் சக்கரத்தை நகர்த்தினால் கேபிள் இழுவையும் மாறிவிடும். அதனால் இந்த வேலையை முன்னாலேயே முடித்துவிடுங்கள்.

அடுத்து கேபிளைக் கழற்றி, குட்டிச் சங்கிலியை வலப்பக்கமாக, விரல் பலத்தில் நிற்கும்வரை திருகுங்கள். பிறகு கேபிளுக்கு நேராக வரும் அளவுக்கு மட்டும் பின்னால் திருப்புங்கள். அரைச் சுற்றைத் தாண்டக் கூடாது. அரைகுறையாகத் திருகிய சங்கிலியால் எந்தக் கியரும் சரியாக அமையாது, மரையும் தேய்ந்துபோகும்.

கேபிளை மாட்டி, ஹேண்டில்பாரில் உள்ள கியர் லிவரை 2-இல் வையுங்கள். பெடலைக் கொஞ்சம் முன்னும் பின்னும் அசைத்தால்தான் உள்ளே கியர் உட்காரும். இப்போது வலப்பக்க நட்டில் உள்ள துளை வழியாகப் பாருங்கள். சங்கிலி வந்து சேரும் கம்பியின் முனை, ஆக்சிலின் முனைக்குச் சமமாக நிற்க வேண்டும். உள்ளே புதைந்திருந்தால் கேபிள் தளர்வு. வெளியே நீட்டியிருந்தால் இறுக்கம். சங்கிலியோடு கேபிளை இணைக்கும் திருகுக் குழலை உள்ளே திருகினால் கேபிள் இறுகும், வெளியே திருப்பினால் தளரும். சரியானதும், குழலை நகராமல் பிடிக்கும் லாக் நட்டை இறுக்கிவிடுங்கள். இதை விட்டால் ஓட்டும் அதிர்வில் எல்லாம் கழன்றுகொள்ளும்.

நட்டில் துளை இல்லையா? லிவர் 1-இல் சங்கிலி விறைப்பாகவும், 3-இல் கேபிள் லேசாகத் தொய்ந்தும் இருந்தால் போதும்.

சோதனைக்குக் காதுதான் நல்ல கருவி. பின்சக்கரத்தைத் தூக்கிப் பெடலைச் சுற்றுங்கள். 2-லும் 3-லும் 'டிக் டிக்' என்று கேட்கும், அது இயல்பு. 1-இல் சத்தமே இருக்கக் கூடாது. கேட்டால் கேபிள் இன்னும் போதுமான அளவு இழுபடவில்லை. 3 விழ மறுத்தால் கேபிள் அதிக இறுக்கம், அல்லது துருப்பிடித்து உறைக்குள் சிக்கியிருக்கிறது. 3-க்குத் திரும்புவது ஹப்பின் உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கின் வேலை. சிக்கிய கேபிளை அதனால் இழுக்க முடியாது.

கவனம்: 2-க்கும் 3-க்கும் நடுவே எந்தக் கியரும் பிடிக்காத இடம் ஒன்று உண்டு. அங்கே பெடல் திடீரென வெறுமனே சுழலும். எழுந்து நின்று மிதித்துக்கொண்டிருந்தால் பலமாக விழ நேரும். சரிசெய்து முடித்து மூன்று கியரையும் சோதிக்கும்வரை உட்கார்ந்தே மிதியுங்கள்.

ஹப்பின் மேல் சிறு மூடி இருந்தால் திறந்து ஐந்தாறு சொட்டு மெஷின் ஆயில் விடுங்கள். சமையல் எண்ணெய் வேண்டவே வேண்டாம். அது பிசினாக உறைந்து, உள்ளே ஸ்பிரிங் தாங்கும் சிறு கொக்கிகளை ஒட்டவைத்துவிடும்.

இவ்வளவும் செய்த பிறகும் அழுத்தி மிதிக்கும்போது நழுவினால், உள்ளே கியரைக் கோத்துப் பிடிக்கும் கிளட்சின் முனைகள் தேய்ந்து மழுங்கியிருக்கலாம். அப்போதுதான் ஹப்பைப் பிரிக்க வேண்டும்.